மருமகளிடம் எப்படிப் பேச்சை எடுப்பது?

கேள்வி: அக்கா, என் மகன் வளைகுடாவில் வேலையிடத்து விபத்தில் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. மருமகளுக்கு 27 வயது, பேத்திக்கு 5. போன வாரம் விதவை மறுமணத்தைப் பற்றிய ‘பிரேம் ரோக்’ இந்திப் படத்தை இரண்டு பேருமாகப் பார்த்தோம். பாதியில் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். அவளுக்கு இன்னொரு கல்யாணம் செய்துவைக்க எனக்கு மனசிருக்கிறது. நாத்தனாரோ, “மகன்தான் போயிட்டான், மருமகளையும் அனுப்பப் போறியா?” என்கிறாள். எப்படிப் பேச்சை எடுப்பது?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: தங்கச்சி, மாமியாரே இப்படிக் கேட்டு எழுதிய கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன்.

என் சித்திக்குத் தோவாளையில் வீடு. 24 வயதில் சித்தப்பா போய்விட்டார். பிச்சிப்பூ கட்டித்தான் பிள்ளைகளை வளர்த்தாள். ஈர வாழைநாரை மடியில் போட்டுக்கொண்டு, மொட்டுகளை எதிரெதிரே வைத்து முடிச்சிடுவாள். அந்தச் சரமெல்லாம் நாகர்கோவில் கல்யாண வீடுகளுக்குப் போகும். எனக்குப் பத்து வயதிருக்கும். ஒருநாள் மிஞ்சிய துண்டை அவள் கொண்டையில் செருகிவிட்டேன். ஒரு கணம் விரலால் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் வாசலைப் பார்த்துக்கொண்டே எடுத்து என் தலையில் வைத்துவிட்டாள். வாசலில் யாருமே இல்லை. ‘அறுதலி’ என்ற சொல்லை அவள் அதற்குமுன் எத்தனை தடவை கேட்டிருந்தாளோ.

பாட்டி அவளை உயிராக வைத்திருந்தாள். ஆனால் இன்னொரு கல்யாணப் பேச்சை எடுத்ததே இல்லை. சித்திக்கு எழுபது தாண்டியபிறகு நான் கேட்டேன். “அன்னைக்குக் கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன் மக்களே. ஆனா கேட்டிருக்கலாம்” என்றாள்.

நீங்கள் பார்த்த படம் 1982-ல் வந்தது, ராஜ் கபூர் எடுத்தது. விதவை மறுமணத்தை அனுமதித்த சட்டம் வங்காளத்துச் சீர்திருத்தவாதி ஈஸ்வர சந்திர வித்யாசாகரின் முயற்சியால் 1856-லேயே வந்துவிட்டது. 126 வருஷம் கழித்தும் ஊரை எதிர்த்துத்தான் ஒரு விதவைமேல் வந்த காதலைச் சொல்ல வேண்டியிருந்தது. பத்மினி கோலாபுரே நடித்த மனோரமா, கணவன் இறந்தபின் புகுந்த வீட்டிலேயே சீரழிக்கப்பட்டுப் பிறந்த வீட்டுக்கு வருகிறாள். ரிஷி கபூரின் தேவ்தர் அவளுக்காகப் போராடுகிறான். எனக்குப் பிடித்த படம்தான். ஆனால் அதில் சண்டை போடும் வேலையெல்லாம் ஆண்பிள்ளைக்கு. உங்கள் வீட்டில் அப்படி ஒருவன் வந்து நிற்கும்வரை காத்திருக்க வேண்டாம், நீங்கள் இருக்கிறீர்கள்.

அவள் ஏன் எழுந்து போனாள் என்று நாமாக முடிவுகட்டக் கூடாது. மகன் ஞாபகமாக இருக்கலாம், நீங்கள் பக்கத்தில் இருந்த கூச்சமாகவும் இருக்கலாம். மாப்பிள்ளை பார்த்துவிட்டுச் சொல்லாதீர்கள், அது கேட்பது ஆகாது. பேத்தி பள்ளிக்கூடம் போன ஒரு பகல் வேளையில், இரண்டு பேரும் மட்டும் இருக்கும்போது, “உனக்கு மனசிருந்தா நான் கூட நிப்பேன்” என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். பதிலுக்காக முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். “வேண்டாம்” என்றால் விட்டுவிடுங்கள். ஆறு மாதம் கழித்து இன்னொரு தடவை கேட்கலாம்.

சொத்தைச் சொல்லிச் சிலர் பயமுறுத்துவார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் மகன் வழியாக அவளுக்கு வந்துசேர்ந்த பங்கு, பிறகு மறுமணம் செய்துகொண்டதால் பறிபோகாது. பேத்தியின் பங்கும் அப்படியே. 1856 சட்டம் மறுமணம் செய்தால் கணவன் சொத்தில் உரிமை இல்லை என்றுதான் வைத்திருந்தது. அந்தப் பழைய பேச்சு இன்னும் ஊரில் சுற்றுகிறது. அவள் சம்மதித்தால், கல்யாணத்துக்கு முன்பே மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் டாக்டர் தருமாம்பாள் அம்மையார் நினைவு விதவை மறுமண நிதியுதவி பற்றி விசாரித்து வையுங்கள். பணத்தோடு தாலிக்குத் தங்கமும் தரும் திட்டம் அது.

நாத்தனாரிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். பேத்தி யாரிடம் வளர்வாள் என்று மருமகள் கேட்பாள், உங்களுக்கும் அந்தப் பயம் உள்ளே இருக்கும். “பிள்ளை உன்கூடத்தான், லீவுக்கு என்கிட்ட அனுப்பு” என்பதை அவள் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.