முழவன் என்று பெயர் வைக்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி: எங்களுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. இசைக்கருவியிலிருந்து வந்த தமிழ்ப் பெயராக, வகுப்புக்கு நான்கு பேர் இல்லாத பெயராக வேண்டும். தேடினால் யாழினி, யாழிசை என்று பெண் பெயர்களே வருகின்றன.

முழவன் என்று வையுங்கள். முழவு என்பது சங்க காலத்திலிருந்து வழங்கும் தோற்கருவி. நடு பருத்து, இரு முகமும் சற்றே குறுகியிருக்கும். குரங்கு கிழித்துத் தின்ற பலாப்பழத்தைக் கபிலர் முழவு போன்றது என்கிறார் (புறநானூறு 236). அதன் கண்ணில், அதாவது அடிக்கும் முகத்தில், மார்ச்சனை என்னும் மண்சாந்து பூசிச் சுருதி கூட்டுவதால் ‘மண்ணமை முழவு’ என்கிறது பொருநராற்றுப்படை. ஆண் பிள்ளைக்கு இது பொருந்துமா என்ற ஐயமே வேண்டாம். அதியமானைப் பாடும் ஔவையார் அவன் தோளை ‘முழவுத்தோள்’ என்கிறார் (புறநானூறு 88). உங்கள் ஊருக்கு அருகே திருவாரூர்த் தியாகராசர் கோயிலிலும் திருத்துறைப்பூண்டியிலும் ஐந்து முகம் கொண்ட குடமுழா என்னும் முழவு வகை இருக்கிறது. பிள்ளை வளர்ந்ததும் அழைத்துப் போய்க் காட்டலாம். தன் பெயருக்குரிய கருவியைக் கண்ணால் காண்கிற வாய்ப்பு எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்காது.

இலக்கணமும் நேராக இருக்கிறது. முழவு + அன் என்று சேரும்போது ஈற்று உகரம் கெட்டு முழவன் ஆகும். ‘முழவுவன்’, ‘முழவுன்’ என்று எழுதிவிடாதீர்கள்.

சிக்கல் இரண்டு இடத்தில் வரும். முதலாவது, காதில் விழும்போது ‘மழவன்’ என்று கேட்கக்கூடும். அது பழைய வீரக்குடியின் பெயர், நல்ல பெயர்தான், ஆனால் வேறு பெயர். பள்ளியிலும் மருத்துவமனையிலும் வாயால் சொல்லிவிட்டு நிற்காமல் எழுதிக் கொடுங்கள். இரண்டாவது, ஆங்கில எழுத்து. ழகரத்துக்கு ‘எல்’ போட்டால் படிப்பவர் ‘மூலவன்’ என்பார். கனிமொழி, கோழிக்கோடு ஆகியவற்றுக்கு வழங்குகிற ‘இசட் ஹெச்’ முறையையே பின்பற்றுங்கள்: எம், யு, இசட், ஹெச், ஏ, வி, ஏ, என். வடக்கே போனால் ‘முசவன்’ என்று படிப்பார்கள். ழகரம் உள்ள எந்தப் பெயருக்கும் இந்தத் தொல்லை உண்டு. அதற்காக ழகரத்தை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வராது.

மட்டக்களப்பிலிருந்து ஒரு வாசகர்: மகனுக்கு யாழன் என்று வைக்க விருப்பம். மனைவி யாழ்வேந்தன் என்கிறார். எது நல்லது?

விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவு உங்கள் பக்கம்தானே. ‘யாழ் நூல்’ என்ற இசை ஆய்வு நூலை எழுதி 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேற்றியவர் பிறந்த மண்ணில் யாழின் பெயர் வைப்பது மிகப் பொருத்தம்.

உங்கள் நாட்டில் ‘யாழ்.’ என்று எழுதினால் யாழ்ப்பாணம் என்றே படிப்பார்கள். யாழ். பல்கலைக்கழகம், யாழ். மாவட்டம் எல்லாம் அப்படித்தான். ஆகவே ‘யாழ்’ என்று தனியாக வைப்பதோ, வீட்டில் அப்படிச் சுருக்கி அழைப்பதோ மட்டக்களப்புப் பிள்ளைக்கு ஓயாத விளக்கம் சொல்லும் வேலையாகிவிடும். யாழன் என்றால் அந்தக் குழப்பம் குறையும். இரண்டே அசை, அழைக்க எளிது. ஆனால் உங்கள் முன்னெழுத்து ‘வி’ என்றால் கட்டாயம் யோசியுங்கள். ‘வி. யாழன்’ என்பது வருகைப் பதிவேட்டில் வியாழன் ஆகிவிடும். அப்படியானால் யாழ்வேந்தன் அல்லது யாழினியன் மேல். யாழினியனில் கடைசி இரண்டு எழுத்தை விட்டுவிட்டால் யாழினி, பெண் பெயர். படிவம் நிரப்புகிறவரிடம் அதைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

நரம்புக் கணக்கும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னாளில் மகன் கேட்பான்: வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கில் பேரியாழுக்கு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7. இவற்றில் ‘மகரன்’ என்று ஒரு பெயர் எடுக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். மகரம் என்பது மீன் வடிவத்தைக் குறிக்கும் சொல். அதில் கருவி இல்லை.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்: குழல், துடி, பல்லியம் ஆகியவற்றிலிருந்து பெயர் அமைக்கலாமா?

குழல் என்றால் கூந்தலும்தான். குழலி பெண் பெயராக ஊன்றிவிட்டது. குழலன் என்றால் முதலில் முடிதான் நினைவுக்கு வரும். புல்லாங்குழல்தான் வேண்டும் என்றால் வேணு, முரளி இரண்டுமே குழலின் வடமொழிப் பெயர்கள்தான். அரிய பெயர்கள் அல்ல, அவ்வளவே.

துடி என்பது இடை சுருங்கிய சிறு பறை. துடியன் என்பது புறநானூறு 335இல் பாணன், பறையன், கடம்பன் ஆகியோரோடு சேர்த்துச் சொல்லப்படும் பழங்குடியின் பெயர். பெருமையோடு வைக்கலாம். சொல்லும் கூர்மையாக ஒலிக்கிறது.

பல்லியம் என்றால் பல இசைக்கருவிகளின் கூட்டம். யாழும், ஆகுளி, பதலை என்னும் பறைகளும் கட்டிக்கொண்டு பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியைக் காணப் போவோமா என்று ஆடல் மகளான விறலியிடம் கேட்கும் புறநானூறு 64ஆம் பாட்டைப் பாடியவர் நெடும்பல்லியத்தனார். இசைக்கருவியால் ஒருவருக்குப் பெயர் வழங்கியதற்கு இதைவிடப் பழைய சான்று தேட வேண்டியதில்லை. ஆனாலும் ‘பல்லியன்’ என்று வைக்காதீர்கள். பள்ளிப் பிள்ளைகள் முதல் மூன்று எழுத்தோடு நிறுத்திக்கொள்வார்கள், பாவம் பிள்ளை.

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகி: நட்சத்திர எழுத்துப்படி வைக்க வேண்டும் என்று மாமியார் சொல்கிறார்.

வழக்கிலுள்ள பட்டியலில் ‘யா’ கேட்டைக்கும், ‘மு’ மகத்துக்கும், ‘கு’ திருவாதிரைக்கும், ‘வே’ மிருகசீரிடத்துக்கும் வரும். உங்கள் பிள்ளை மகம் என்றால் முழவன், கேட்டை என்றால் யாழன். வேறு நட்சத்திரம் என்றால், காதில் ஓதும் பெயரை அந்த எழுத்தில் வைத்துவிட்டு, பதிவில் நீங்கள் விரும்பும் பெயரைக் கொடுக்கலாம். பல குடும்பங்களில் நடக்கிற வழக்கம்தான்.

சேலத்திலிருந்து ஒரு வாசகர்: பெயர் முடிவாகவில்லை. பிறப்புப் பதிவுக்கு நாள் ஆகிவிடுமோ?

பதிவையும் பெயரையும் ஒன்றாக எண்ணிக் குழம்ப வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள், பெயர் இல்லாமலே பதியலாம். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்கு மேல் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். பிறப்பு எங்கே பதிவானதோ அந்தப் பதிவாளரிடமே விண்ணப்பிக்க வேண்டும். குழந்தை சேலத்தில் வளர்ந்தாலும் பிரசவம் மதுரையில் என்றால் மதுரைதான்.

அவசரப்பட்டு ஒரு பெயரை எழுதிவிட்டுப் பிறகு மாற்ற நினைப்பதுதான் பெரிய தொல்லை. எழுத்துப் பிழையைச் சான்று காட்டித் திருத்தலாம். வேறு பெயராக மாற்றுவது அவ்வளவு எளிதல்ல. தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும், அங்கேயே நின்று ழகரம் ளகரமாகியிருக்கிறதா என்று பாருங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, கடவுச்சீட்டு எல்லாவற்றுக்கும் பிறந்த தேதியை மெய்ப்பிக்கும் ஆவணம் இதுதான்.

கடவுச்சீட்டு எடுக்கும்போது தந்தை பெயரை முன்னெழுத்தாக விடாமல் முழுதாக விரித்துக் குடும்பப் பெயர் இடத்தில் எழுதுங்கள். ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் வருகை விசாவில் நாட்டுக்குள் விடுவதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது.