2004 மாடல் மாருதி ஜென் கார், அடியில துரு இருக்கு, ஜாக்கி வைக்கிற இடம் நசுங்கியிருக்கு, வாங்கலாமா?

வாங்கலாம், ஆனா புரோக்கர் பேச்ச நம்பி அட்வான்ஸ் குடுத்துறாதீங்க, ஒரு டார்ச்ச எடுத்துட்டு போய் வண்டிக்கு அடியில நீங்களே படுத்து பாருங்க. நீங்க குளச்சல் பக்கம்னு போட்டிருக்கீங்க, "கடப்புறத்து (கடலோரத்து) வண்டி இரும்பு விலைக்குதான் போகும்"னு யாரோ சொன்னதாவும் எழுதியிருக்கீங்க. அந்த வரிய பாத்துதான் பதில் எழுத உக்காந்தேன். எங்க வீடு மணவாளக்குறிச்சி பக்கம், ராத்திரி கடல் இரையிறது கேக்கும், எங்கப்பா 1998ல எடுத்த மாருதி 800 இன்னைக்கும் அந்த வீட்டு முத்தத்துலதான் நிக்கி, மார்த்தாண்டம் வரைக்கும் தைரியமா போயிட்டு வருது.

உப்புக்காத்து துருவ சீக்கிரம் கொண்டுவரும், அது உண்மை. உப்பு ஈரத்த இழுத்து வச்சுக்கும், தகரம் காயவே விடாது, அதுவும் நம்ம கன்னியாகுமரி ஜில்லால தென்மேற்கு வடகிழக்குனு ரெண்டு மழையும் பெய்யுது. ஆனா பெயின்டும் இடுக்க அடைக்கிற சீலன்டும் முழுசா இருக்கிற தகரத்துல உப்பு அவ்ளோ லேசா ஏறாது, அதுக்கு ஒரு வாசல் வேணும். அந்த வாசல தெறந்து விடுறது பல நேரம் ஜாக்கிதான்.

எங்க வண்டில நடந்தத சொல்றேன். இந்த மாதிரி வண்டிகளுக்கு சேசிஸ்னு தனியா அடிச்சட்டம் கெடையாது, பாடிதான் எல்லாம். கதவுக்கு கீழ ரன்னிங் போர்டுல ரெண்டு மூணு தகரத்த சேத்து ஸ்பாட் வெல்டு அடிச்ச ஒரு விளிம்பு தொங்கும், அதுல பக்கத்துல பக்கத்துல ரெண்டு சின்ன வெட்டு இருக்கும், அந்த ரெண்டு வெட்டுக்கும் நடுவுலதான் ஜாக்கி நிக்கணும், வண்டியோட வர்ற ஜாக்கி தலையில அந்த விளிம்பு உள்ள உக்கார ஒரு பள்ளமும் இருக்கும். டயர் கடையில அதெல்லாம் யாரும் பாக்கிறதில்ல. பெரிய டிராலி ஜாக்கிய தட்டையான தலையோட கையில கெடச்ச எடத்துல தள்ளி நாலு அமுக்கு, வண்டி ஏறிரும். எங்க வண்டிக்கு இடது பக்கம் விளிம்பு அப்படியே மடங்கி, பக்கத்துல ப்ளோர் தகரமும் உள்ள போயிருச்சு. கேட்டதுக்கு "வண்டிக்க வயசு அப்பிடி அண்ணே, தகரம் நைஞ்சு போச்சுல்லா"ங்கான் அந்த பையன். அன்னைக்கு அந்த எடத்துல ஒரு பொட்டு துரு கெடையாது, நசுங்குன எடத்துல பெயின்ட் வெடிச்சு வெள்ளையா தகரம் தெரிஞ்சுது, அதுக்கு என்ன சொல்லுவான்?

அதுக்கப்புறம் வேற ஒரு ஒர்க்ஷாப்ல அண்டர்கோட்டிங், அதாவது அடித்தகரத்துக்கு பூசுற பூச்சுனு சொல்லி, சொரண்டாம கழுவாம அந்த வெடிப்பு மேலயே கறுப்பா அடிச்சு குடுத்தானுவ. பாக்க புது வண்டி மாதிரி இருந்துது. உள்ள போன தண்ணி வெளிய வர வழியில்லாம கோட்டிங்குக்கு அடியிலயே நின்னு அரிச்சிருக்கு. முன் சீட்டு பக்கம் கார்ப்பெட்டு எப்பவும் நனைஞ்ச வாடை அடிச்சுதுனு தூக்கி பாத்தா, ஸ்க்ரூ டிரைவர் தகரத்துக்குள்ள எறங்குது.

திங்கள்நகர் தாண்டி ஒரு வயசான டிங்கர் அண்ணன்ட்ட கொண்டு போனோம். கோட்டிங்க முழுசா சொரண்டிட்டு கூப்பிட்டு காட்டுனார், "இத பாரு மக்ளே, எல்லாம் ஜாக்கி நின்ன எடத்துல இருந்து ரெண்டு பக்கமும் ஓடியிருக்கு, மத்த எடம் கல்லு மாதிரி கெடக்கு". அவரு அரிச்ச எடத்த மட்டும் வெட்டல, பளபளனு நல்ல தகரம் தெரியிற வரைக்கும் வெட்டுனார். பேட்டரி கனெக்ஷன கழட்டி, சீட்டு கார்ப்பெட்டு எடுத்து, பெட்ரோல் லைனையும் பிரேக் பைப்பையும் ஒதுக்கி வச்சுட்டுதான் சிஓடூ வெல்டிங்ல கைய வச்சார். கேஸ் வெல்டிங் வேண்டாம்னுட்டார், சுத்தி இருக்கிற பெயின்ட் எல்லாம் கருகி நாளைக்கு அங்க இருந்து துரு ஆரம்பிக்கும். அப்புறம் எபாக்சி பிரைமர், ஜாயின்ட்ல சீலன்ட், எல்லாம் காஞ்ச பெறகு கோட்டிங். ரன்னிங் போர்டுக்கு உள்பக்கம் பிரஷ் போகாது, அதுனால ஓட்டை வழியா குழாய் விட்டு மெழுகு ஸ்ப்ரே அடிச்சார். அடியில இருக்கிற தண்ணி வடியிற ஓட்டைங்க எல்லாம் மண்ணு அடைச்சு கெடந்துது, கம்பி விட்டு குத்தி எடுத்தார். நீங்களும் மழைக்கு முன்னாடி அத செஞ்சிருங்க, காசே ஆகாது. பழைய எஞ்சின் ஆயில அடிச்சா துரு வராதுனு நம்மூர்ல சொல்லுவாங்க, ரப்பர் புஷ் எல்லாம் ஊறி கெட்டுரும், வேண்டாம்.

இவ்ளோ செலவுக்கு வேற வண்டி வாங்கலாமேனு கேக்கிறவங்களுக்கு, எங்களுக்கு ஆன மொத்த செலவு ஒரு புது காரோட ரெண்டு மாச ஈஎம்ஐ வராது. எல்லா பழைய வண்டியையும் காப்பாத்தலாம்னு நான் சொல்லல, நான் மெக்கானிக்கும் இல்ல, எங்க வண்டில கண்ணால பாத்தத சொல்றேன். பழைய வண்டி வச்சிருக்கவன குத்தவாளி மாதிரி பாக்கிறதுதான் எனக்கு ஆகல. 15 வருஷம் தாண்டுன காருக்கு ஆர்சி புதுப்பிக்க 600 ரூவாயா இருந்தத 2022 ஏப்ரல்ல இருந்து 5000 ஆக்குனாங்க, சரி, கட்டுனோம். ஆனா கல்லும் எம்சாண்டும் ஏத்திக்கிட்டு களியக்காவிளை வழியா கேரளாவுக்கு போற லாரிங்க ரோட்ட பொளந்து போட்டிருக்கே, அதுல எறங்கி ஏறி நம்ம வண்டிக்க அடி தட்டுறதுக்கு எவன் கணக்கு குடுப்பான்? வாரத்துக்கு ஒருக்கா கடைக்கு போற 800 கண்ணுக்கு தெரியுது, ராத்திரி பூரா வரிசையா போற லாரி தெரியல.

சரி, உங்க ஜென்னுக்கு வாறேன். கார்ப்பெட்ட தூக்கி பாருங்க, டிக்கில ஸ்டெப்னி குழிய பாருங்க. ரன்னிங் போர்ட ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால தட்டிட்டே போங்க, நல்ல தகரம் கணீர்னு கேக்கும், அரிச்ச எடம் மொத்துனு கேக்கும். ஒரு சின்ன காந்தம் கொண்டு போங்க, பேஸ்ட் வச்சு மறைச்ச எடத்துல ஒட்டாது. அடியில மட்டும் புதுசா கறுப்பு கோட்டிங் அடிச்சிருந்தா சொரண்டி காட்ட சொல்லுங்க, மாட்டேன்னா வந்துருங்க. விளிம்பு மடங்கியிருக்கிறதும் கை அகலத்துக்கு துருவும் வெல்டிங்ல தீரும், அந்த காச வெலையில கொறைச்சுக்கோங்க. சஸ்பென்ஷன் பாடியோட சேர்ற எடத்துல, முன்னாடியோ பின்னாடியோ, தகரம் பொரிஞ்சிருந்தா எவ்ளோ கொறைச்சாலும் எடுக்காதீங்க, அது ஓடும்போது விட்டுப்போற எடம்.

வாங்குனா மொத வேலையா நடுவுல வெட்டு போட்ட ஒரு ரப்பர் கட்டை வாங்கி டிக்கில போடுங்க, பஞ்சர் கடையில நீங்களே எறங்கி நின்னு அத ஜாக்கி மேல வச்சு குடுங்க. மொறைப்பாங்க, பரவால்ல. வண்டி கழுவ கடப்புறத்து போர் தண்ணி உப்பா இருந்தா அத அடியில அடிக்காதீங்க, நல்ல தண்ணி இருக்கிற சர்வீஸ் ஸ்டேஷனா பாத்து போங்க.