நான்கு பக்கக் குறையும் இரண்டு கைலியும்

கேள்வி: செப்டம்பர் பள்ளி விடுமுறைக்கு நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் என ஐந்து பேரும் கிள்ளானிலிருந்து காரில் பினாங்கு போனோம். மூன்று மாதம் உட்கார்ந்து நான் போட்ட திட்டம். போன நாள் முதல் மழை. கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) ஏறினால் மூடுபனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. படத்தில் பார்த்த அறை ஒன்று, கொடுத்த அறை ஒன்று; குளியலறைக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சுவர் ஓவியத்தோடு படமெடுக்க வரிசையில் நின்று சின்னவன் அழுதே விட்டான். கடைசியில் நன்றாகச் சாப்பிட்டோம், லிட்டில் இந்தியாவில் துணிமணி வாங்கினோம், திரும்பிவிட்டோம். இப்போது யார் கேட்டாலும் கணவர், “1,800 வெள்ளி செலவு பண்ணி நாசி கண்டார் சாப்பிட்டுட்டு வந்தோம்” என்கிறார். சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு மனது வலிக்கிறது. என் திட்டம்தான் தவறா? மாமியார் மட்டும் சந்தோஷமாக இருந்தார். கைலிக் கடையில் வெகுநேரம் நின்று, “உங்க மாமா கட்டினது இந்த ரகம்தான்” என்று சொல்லி, மகனுக்கு இரண்டு வாங்கினார்.
- வாசகி, கிள்ளான்

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதம் நான்கு பக்கம். மேலே சுருக்கித்தான் கொடுத்திருக்கிறேன். மழைக்கு ஒரு பக்கம், அறைக்கு ஒரு பக்கம், கணவர் பேச்சுக்கு ஒன்றரைப் பக்கம். மாமியார் கைலி வாங்கியதற்குக் கடைசியில் இரண்டே வரி. நான் அந்த இரண்டு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

முதலில் உங்கள் கேள்விக்கு வருகிறேன். திட்டத்தில் ஒரு தவறு உண்டு. பினாங்கில் செப்டம்பரும் அக்டோபரும் மழை மிகுந்த மாதங்கள். பள்ளி விடுமுறையை நாம் மாற்ற முடியாதுதான். ஆனால் அந்த மாதத்தில் மலையையும் கடற்கரையையும் நம்பித் திட்டம் போட்டால் வானம் கைவிட்டுவிடும். 1923இலிருந்து ரயில் ஏறுகிற மலை கொடிமலை, ஓடிப்போகாது. ஜனவரி, பிப்ரவரியில் ஒரு காலை வேளையில் போய்ப் பாருங்கள். தைப்பூச நாளை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் அறை கிடைப்பதே பாடு.

சுவர் ஓவியங்களைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எர்னஸ்ட் சகாரெவிச் 2012இல் ஆர்மீனியன் தெருவில் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் அழகானவைதான். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையை வெயிலிலோ மழையிலோ அரைமணி நேரம் நிறுத்திவைத்துப் பார்க்கிற அளவுக்கு எந்த ஓவியமும் இல்லை. நடந்து போகிறபோது கண்ணில் பட்டால் பாருங்கள், போதும்.

அறை விஷயத்தை மட்டும் சும்மா விடாதீர்கள். கூரை சொட்டிய படம் கைப்பேசியில் இருக்கும்தானே? பணம் கட்டிய ரசீதோடு சேர்த்து விடுதிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். வழக்கறிஞர் தேவையில்லை, பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான். பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்திடமும் யோசனை கேட்கலாம். நாம் பாடுபட்டுச் சேர்த்த காசு, கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

இப்போது நாசி கண்டாருக்கு வருவோம். உங்கள் கணவர் அதை ஏதோ சில்லறை விஷயம் போலச் சொல்கிறார். அங்கேதான் எனக்கு அவரோடு பெரிய மாறுபாடு.

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன் அரண்மனை கட்டி ஆண்ட ஊர் அல்ல. 1786இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கி, சுங்கவரி இல்லாத துறைமுகமாக அதைத் திறந்துவிட்டார். அன்றிலிருந்து அங்கே வந்தவர்கள் எல்லாம் வாங்கவும் விற்கவும் வந்தவர்கள், அவர்களுக்குச் சோறு போட வந்தவர்கள். நாகூரிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் துணி மூட்டையோடு கப்பலேறிய நம் ஆட்களும் அதில் உண்டு. சூலியா தெரு என்கிறோமே, சூலியா என்பது தமிழ் முஸ்லிம் வணிகர்களுக்கு அன்று வழங்கிய பெயர். அவர்களில் சிலர் தலையில் துண்டைச் சுருட்டி வைத்து, தோளில் கழியைப் போட்டு, ஒரு முனையில் சோறும் மறு முனையில் குழம்புமாகத் தூக்கிக்கொண்டு துறைமுகக் கூலிகளுக்கு விற்றார்கள். அந்தக் கழிக்கு மலாயில் கண்டார் என்று பெயர். நாம் காவடி என்போம். அப்படித் தெருத்தெருவாக நடந்து வந்த சோறுதான் நாசி கண்டார்.

நீங்கள் சாப்பிட்ட கடையில் குழம்பு ஊற்றியவர் கையைக் கவனித்தீர்களா? அடுத்த முறை கவனியுங்கள். சோற்றைப் போட்டுக் கரண்டியின் முதுகால் ஓர் அழுத்து அழுத்துவார். மீன் குழம்பு அரைக் கரண்டி, கோழிக் குழம்பு அரைக் கரண்டி, அப்புறம் கறுப்பாக, லேசாக இனிக்கிற ஒன்று, அதன்மேல் எண்ணெய் மிதக்கும் சிவப்புக் குழம்பு ஒன்று. ‘பாஞ்சிர்’ என்று சொன்னால் சோறு முங்குகிற வரை ஊற்றுவார். தனித்தனியாக நாக்கில் வைத்தால் எல்லாம் நம் வீட்டுக் குழம்பு போலத்தான் இருக்கும். அந்தத் தட்டில் ஒன்றோடொன்று சேர்ந்த பிறகு வருகிற ருசி எந்த வீட்டிலும் வராது. நானும் எத்தனையோ தடவை முயன்று பார்த்துவிட்டேன். அதைச் சாப்பிட்டு வந்தவர்கள் பினாங்கைப் பார்க்கவில்லை என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எனக்கும் இப்படி ஒரு பயணம் அமைந்தது. பல வருடங்களுக்கு முன் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். விடுதிக் கட்டிலில் ஈரவாடை, வெளியே ஓயாத மழை. வேறு வழியில்லாமல் சௌராஸ்தா சந்தைக்குள் ஒதுங்கினோம். ஊறுகாய்க் கடை வரிசை. மாங்காய், நெல்லிக்காய், அம்ரா என்று கண்ணாடி ஜாடிகள். ஒரு கடைக்காரப் பெண்மணி ஊறவைத்த ஜாதிக்காய்த் துண்டு ஒன்றைக் குச்சியில் குத்தி அம்மாவிடம் நீட்டினார். எங்கள் வீட்டில் ஜாதிக்காய் என்றால் உரைத்துக் குழந்தைக்குக் கொடுக்கிற கொட்டை மட்டும்தான். அதன் சதையைத் தின்னலாம் என்பதே அம்மாவுக்கு அன்றைக்குத்தான் தெரியும். கண்ணை மூடி மென்றார். முதலில் புளிப்பு, பிறகு காரம் மாதிரி ஒரு சுறுசுறுப்பு, கடைசியில் தொண்டையில் குளிர்ச்சி. ஒரு மணி நேரம் அந்தக் கடையை விட்டு நகரவில்லை. வாங்கி வந்ததை இரண்டு மாதம் வைத்துக்கொண்டு, சாப்பாட்டுக்குப் பிறகு ஆளுக்கு ஒரு துண்டு என்று கணக்காகக் கொடுப்பார். அம்மா இப்போது இல்லை. அந்த விடுதியின் பெயர் எனக்கு மறந்துவிட்டது, ஜாதிக்காய் மறக்கவில்லை.

சரி, உங்கள் மாமியாரின் கைலி. கட்டம் போட்ட அந்தக் கைலியை மலாய்க்காரர்கள் ‘காயின் பெலிகாட்’ என்பார்கள். பெலிகாட் வேறு எங்கும் இல்லை, சென்னைக்கு வடக்கே இருக்கிற பழவேற்காடுதான். அந்தத் துறைமுகத்திலிருந்து கப்பலில் வந்த துணி என்பதால் ஊர்ப்பெயரே துணிப்பெயராக நின்றுவிட்டது. உங்கள் மாமியாருக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. அவருக்கு வேறு கதை தெரியும். துணியைப் பிரித்து, கரையைத் தடவி, தன் கணவர் கட்டிய ரகம் இது என்று கண்டுபிடித்திருக்கிறார். கொடிமலை பளிச்சென்று தெரிந்திருந்தால் நீங்கள் அன்று கடைத்தெருப் பக்கம் போயிருப்பீர்களா? போயிருந்தாலும் அந்தக் கடையில் அத்தனை நேரம் நிற்க விட்டிருப்பீர்களா? மழைதான் அவருக்கு அந்த நேரத்தைக் கொடுத்தது.

கணவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவ்வளவு தூரம் கார் ஓட்டியவர், விடுப்பு எடுத்தவர். ஏமாற்றம் அவருக்கும் இருக்கும். அதைக் கேலியாகப் பேசித் தீர்த்துக்கொள்கிறார். அது உங்கள் மேல் விழுகிறது என்பது அவருக்குத் தெரியாமலே இருக்கலாம். பிள்ளைகள் தூங்கிய பிறகு ஓர் இரவு, “நீங்க எல்லார் முன்னாலயும் அப்படிச் சொல்லும்போது எனக்குக் கஷ்டமா இருக்குங்க” என்று மட்டும் சொல்லுங்கள். விளக்கம், வாதம் ஒன்றும் வேண்டாம். அடுத்த பயணத்தில் ஒரு நாளை அவர் கையில் கொடுத்துவிடுங்கள், எங்கே போவது என்று அவரே முடிவு செய்யட்டும். விடுதியை ஜார்ஜ் டவுனுக்குள்ளேயே பாருங்கள். பழைய கடைவீடுகளின் முன்னால் ஐந்தடி நடைபாதை இருக்கிறது. மழை வந்தாலும் பெரும்பாலும் நனையாமல் கடை கடையாகப் போகலாம். மாமியாரைக் குயின் தெரு மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போங்கள். 1833இல் எழுந்த கோயில், துணிக்கடைகளிலிருந்து எட்டி நடந்தால் வந்துவிடும். பிள்ளைகளுக்குச் சௌராஸ்தாவில் ஜாதிக்காய் வாங்கிக் கொடுங்கள்.

ஒன்றே ஒன்று எனக்குத் தெரிய வேண்டும். அந்த இரண்டு கைலியையும் உங்கள் கணவர் கட்டினாரா, இல்லை இன்னும் பையோடு அலமாரியில் இருக்கிறதா? பையில்தான் இருக்கிறது என்றால், இன்றைக்கே எடுத்து ஒரு தண்ணீர் அலசிக் காயப்போடுங்கள். சாயங்காலம் அவர் குளித்துவிட்டு வரும்போது கதவில் மாட்டிவையுங்கள். அத்தையும் கூடத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.