கான்பான் அட்டையும் கலர் ஸ்டிக்கரும் கடைக்கு உதவுமா?

சரக்கு குறைந்ததை அட்டையால் காட்டி ஆர்டர் போட வைக்கும் கான்பான், ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் என்று ஒழுங்காக வைக்கும் 5எஸ் மாதிரி கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளும் லீன் முறைகள், அதாவது வீணடிப்பைக் குறைக்கும் முறைகள், தொழிற்சாலைக்கு உரியவை ஆயிற்றே, சில்லறைக் கடையில் வீணாவதை அவற்றால் குறைக்க முடியுமா என்பது கேள்வி. ஒரு பலசரக்குக் கடையின் கிடங்கைப் பல வருடம் பார்த்துக்கொண்டவன் நான். நிச்சயமாக முடியும். கான்பானுக்கு மாதிரியாக இருந்ததே கடைதான். வாடிக்கையாளர் எடுத்த அளவுக்கு மட்டும் அலமாரியை மறுபடி நிரப்பும் அமெரிக்க சூப்பர் மார்க்கெட் முறையைத்தான் டொயோட்டா கார் நிறுவனப் பொறியாளர் டாயிச்சி ஓனோ தன் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்தார். 1956இல் அமெரிக்கா போனபோது அந்தக் கடைகளை நேரிலும் பார்த்தார்.

நாங்கள் அட்டையில் தொடங்கவில்லை. கடையின் வரைபடத்தை ஒரு தாளில் போட்டுக்கொண்டு, சரக்கு அடுக்கும் ஒருவர் காலையில் இரண்டு மணி நேரம் நடந்த வழியை எல்லாம் பென்சிலால் கோடு இழுத்தேன். ஸ்பகெட்டி வரைபடம் என்பார்கள். தாள் சிக்குப் பிடித்த நூல்கண்டு மாதிரி ஆகிவிட்டது. அதிகக் கோடு விழுந்த இடம் எது தெரியுமா? பெட்டி கிழிக்கும் கத்தி இருந்த மேசை. ஒவ்வொரு பெட்டிக்கும் அவர் அங்கே போய்த் திரும்பியிருக்கிறார். மறுநாளே ஒவ்வொரு தள்ளுவண்டியிலும் ஒரு கத்தியை மாட்டி, அதன் பின்னால் கத்தியின் வடிவத்தைக் கறுப்பு மையில் வரைந்து வைத்தோம். கத்தி இல்லையென்றால் அந்த வடிவம் தூரத்திலிருந்தே தெரியும்.

அப்புறம்தான் அட்டை. ஒரு பொருள் நாளுக்கு 12 விற்கிறது, ஆர்டர் போட்டால் வந்து சேர 2 நாள் ஆகிறது என்றால், 24 கட்டாயம் கையில் இருக்க வேண்டும். திடீரென்று கூடுதலாக விற்றால் சமாளிக்க இன்னும் 6. ஆக 30 மிச்சமிருக்கும் இடத்தில் அட்டையைச் செருகுகிறோம். விற்று விற்று அட்டை வெளியே வந்தால் ஆர்டர். வராவிட்டால் ஆர்டர் இல்லை, யார் எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும் சரி. எனக்கு இதில் பிடித்ததே இந்த 'இல்லை'தான். ஓனோ பட்டியலிட்ட ஏழு வகை வீணடிப்பில் அளவுக்கு மிஞ்சிய உற்பத்தியைத்தான் மிக மோசமானதாகச் சொன்னார். கடையில் அது அளவுக்கு மிஞ்சிய ஆர்டர். அதிகமாக வந்த சரக்கை நகர்த்த ஆள் வேண்டும், அதற்குப் பின்னால் இருப்பதைத் தேட நேரம் வேண்டும், கடைசியில் அதுவே காலாவதியாகிக் குப்பைக்குப் போகும்.

காலாவதிக்கு வாரம் ஒரு கலர் ஸ்டிக்கர் ஒட்டினோம். பெட்டியில் பொடி எழுத்தில் அச்சடித்த தேதியைக் குனிந்து தேட வேண்டாம். இந்த வாரம் முன்வரிசையில் மஞ்சள் நிற்க வேண்டும், பச்சை நின்றால் யாரோ புதுச் சரக்கை முன்னால் அடுக்கிவிட்டார்கள். நான்கு கலருக்கு மேல் போகாதீர்கள். ஆறு வைத்துப் பார்த்தோம், எது எந்த வாரம் என்று ஒருவருக்கும் நினைவில் நிற்கவில்லை. நிறம் பிரித்தறிய முடியாதவர்களும் வேலையில் இருப்பார்கள், அதனால் ஸ்டிக்கரில் எண்ணும் போடுங்கள்.

பலனே தராதது, மேலாளர் அறைச் சுவரில் மாட்டிய பெரிய அட்டவணை. சரக்கு அடுக்குபவர் அந்த அறைக்குள் போவதே இல்லை, பிறகு அவருக்கு எப்படித் தெரியும்? முடிவெடுக்கும் கை எங்கே இருக்கிறதோ அங்கேதான் குறி இருக்க வேண்டும்.

அட்டையிலும் முதல் வாரம் தடுமாறினோம். வெளியே வந்த அட்டைகள் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டன, இரண்டு பொருள் தீர்ந்தே போயின. ரேக்கின் முனையில் ஒரு சிவப்புப் பெட்டி வைத்து, அதைக் காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் திறந்து ஆர்டர் போடுவது இன்னார் பொறுப்பு என்று பெட்டி மேலேயே பெயரை எழுதி ஒட்டிய பிறகுதான் சரியானது. நீங்கள் தொடங்கினால் அட்டை அடிப்பதற்கு முன்பே அந்தப் பெயரை முடிவு செய்துவிடுங்கள்.