தாலி கட்டியவர் தன்னைப் பெண் என்கிறார்

கேள்வி: எனக்கு வயது 41. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவள். கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து 16 வருடமாகிறது. சாட்ஸ்வொர்த்தில் மாமியாருடன் ஒரே வீட்டில் இருக்கிறோம். மகளுக்கு 14 வயது, மகனுக்கு 9. சித்திரை மாதம் ஓர் இரவு என் கணவர், சிறுவயதிலிருந்தே தான் உள்ளுக்குள் பெண்தான் என்றும், இனியும் மறைத்து வாழ முடியாது என்றும் சொல்லி அழுதார். இணையத்தில் ஹார்மோன் மாத்திரை வாங்கி இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறார். அவருக்கு இரத்தக்கொதிப்பு உண்டு, சிகரெட்டும் உண்டு. யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். போன வாரம் சேலை கட்டக் கற்றுக்கொடு என்றார். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரு நாளும் என் மேல் கை ஓங்கியதில்லை, நல்லவர். ஆனால் தாலியைத் தொடும்போதெல்லாம், உயிரோடு இருப்பவருக்காக அழுகிறேன். நாங்கள் விவாகரத்து செய்தே ஆக வேண்டுமா?
- பெயர் வேண்டாம், சாட்ஸ்வொர்த்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்வி விவாகரத்தைப் பற்றியது. ஆனால் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அந்த மாத்திரைதான். இரத்தக்கொதிப்பும் சிகரெட்டும் உள்ள ஒருவர் மருத்துவரைப் பார்க்காமல் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் மாத்திரை சாப்பிட்டால், காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்துபோகும் ஆபத்து கூடும். ஆண் ஹார்மோனை அடக்க அதோடு சேர்த்துச் சாப்பிடும் ஸ்பைரோனோலாக்டோன், இரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும். இரத்தக்கொதிப்புக்கான சில மாத்திரைகளும் அதையே செய்யும். இரண்டும் சேர்ந்தால் இதயத்துடிப்பே தடுமாறலாம். இந்த வாரமே மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். மாத்திரைக்குப் பதில் தோலில் ஒட்டும் பட்டை சிலருக்குப் பாதுகாப்பானது. அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். முதல் வருடம் சுமார் மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரத்தப் பரிசோதனை தேவைப்படும். இந்தச் சிகிச்சைக்கென்றே 2021இல் தென்னாப்பிரிக்க மருத்துவர்களுக்கு வழிகாட்டி ஒன்று வெளிவந்திருக்கிறது, ஆகவே கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. 'நீங்கள் யாராக வேண்டுமானாலும் இருங்கள், முதலில் உயிரோடு இருங்கள்' என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அடுத்தது அந்தச் சத்தியம். இதில் எனக்குக் கோபம் அவர் மேல்தான். முப்பது வருடம் தனியாகச் சுமந்த பாரத்தை ஓர் இரவில் உங்கள் தலையில் இறக்கிவைத்துவிட்டு, வாயையும் கட்டிவிட்டார். பயம்தான் காரணம், புரிகிறது. ஆனால் உங்கள் பிறந்த வீடு கடல் தாண்டி இருக்கிறது. டர்பனில் உங்களுக்கு இருப்பவர்கள் எல்லாரும் அவர் வழிச் சொந்தம். அவருக்குப் பேச நீங்கள் இருக்கிறீர்கள், உங்களுக்கு யார் இருக்கிறார்கள்? ஒரே ஒருவரிடமாவது நான் மனம்விட்டுப் பேச வேண்டும் என்று அவரிடமே சொல்லுங்கள். அது யார் என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். ஊரில் இருக்கும் அக்காவாக இருக்கலாம், மனநல ஆலோசகராக இருக்கலாம். மற்றவர்களைப் பொறுத்தவரை ரகசியம் அவருடையது. மாமியாரிடம் சொல்ல வேண்டியவரும் அவர்தான். நீங்கள் சொல்லப் போனால் பழி உங்கள் மேல் விழும்: 'நீ ஒழுங்காக இருந்திருந்தால் என் பிள்ளைக்கு இப்படி ஆகுமா?' வரப்போகும் இந்தக் கேள்வியை இப்போதே அவரிடம் சொல்லிவையுங்கள், பதில் சொல்வது அவர் பொறுப்பு. ஒன்று மட்டும், புரட்டாசி விரத நாளில் அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்.

பிள்ளைகள் விஷயத்தில் அதிக நாள் கிடையாது. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மார்பு வளரத் தொடங்கும், தோல் மென்மையாகும், உடலின் கொழுப்பு இடம் மாறும். குரல் மாறாது, தாடியும் தானாகப் போகாது. பதினான்கு வயதுப் பெண்ணின் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது. அவளாகக் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்கள் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிடுங்கள். 'அப்பா' என்ற சொல்லைப் பிடுங்க வேண்டாம். வேறு எப்படிக் கூப்பிடுவது என்பதைப் பிள்ளைகளே மெதுவாகக் கண்டுபிடிக்கட்டும். ஆங்கிலம் பேசும் வீட்டில் இவனா இவளா என்று வாக்கியத்துக்கு வாக்கியம் தடுக்கும். தமிழில் உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. கடிதம் முழுக்க 'அவர்' என்றே எழுதியிருக்கிறீர்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். 'என்னங்க' என்று கூப்பிடுவீர்களானால் அதையும் மாற்ற வேண்டியதில்லை.

படுக்கையறையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, நானும் நீட்டவில்லை. சில வாரங்களிலேயே அவருக்கு நாட்டம் குறையலாம், அது உங்கள் குறையல்ல. ஹார்மோன் மாத்திரை சாப்பிடுவது கருத்தடை ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு பெண்ணோடு மனைவியாக வாழ என்னால் முடியாது என்று உங்களுக்குத் தோன்றினால், அதைச் சொல்வது துரோகமும் அல்ல.

இனி சட்டம். விவாகரத்து செய்தே ஆக வேண்டும் என்பதில்லை. தென்னாப்பிரிக்காவின் 2003ஆம் ஆண்டு 49ஆம் எண் சட்டப்படி, அறுவைச் சிகிச்சை இல்லாமலும், மருந்துச் சிகிச்சை பெற்றவர் மருத்துவ அறிக்கைகளோடு தன் பாலினப் பதிவை மாற்றக் கோரலாம். மணமானவர்களைப் பார்த்து 'விவாகரத்து வாங்கிக்கொண்டு வாருங்கள்' என்று உள்துறை அலுவலகம் சொன்னபோது மூன்று தம்பதிகள் வழக்குப் போட்டார்கள். அப்படிக் கேட்பது சட்டவிரோதம் என்று 2017 செப்டம்பரில் மேற்குக் கேப் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாலினப் பதிவு மாறுவதால் உங்கள் திருமணமோ வீட்டில் உங்களுக்குள்ள பங்கோ போய்விடாது. ஆனால் தொல்லை வேறு இடத்தில் வரும். உங்கள் 13 இலக்க அடையாள எண்ணில் ஏழாவது இலக்கம் நான்கு வரை இருந்தால் பெண், ஐந்து முதல் ஆண். எனவே அவர் எண்ணே மாறும். வங்கி, ஓட்டுநர் உரிமம், மெடிக்கல் எய்ட் என்கிற மருத்துவக் காப்பீடு என எல்லாக் கதவையும் மறுபடி தட்ட வேண்டும். இது இந்த வருட வேலை அல்ல. பிரிவதா சேர்ந்திருப்பதா என்ற முடிவையும் ஒரு வருடமாவது தள்ளிவையுங்கள். ஆறு மாதம் கழித்து நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று உங்களுக்கே இன்று தெரியாது.

அர்த்தநாரீஸ்வரரைக் காட்டி ஆறுதல் சொல்ல மாட்டேன். கல்லில் வணங்குவது எளிது, அடுப்படியில் காண்பது கடினம். பாரதத்தில் பிருகன்னளை உண்டு. திரௌபதி அம்மன் தீமிதியில் அந்தக் கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அர்ச்சுனன் ஒரு வருடம் அந்த வேடத்தில் இருந்துவிட்டு வில்லெடுத்துத் திரும்பினான். உங்கள் வீட்டில் கதை தலைகீழ். இத்தனை காலம் நான் போட்டிருந்ததுதான் வேடம் என்கிறார் இவர். அவருக்கு அது விடுதலை, உங்களுக்கு இழவு. துக்கம் கேட்க யாரும் வராத இழவு. இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. அவர் சந்தோஷப்படும் நாளில் நீங்கள் அழுதால் அதற்கு மன்னிப்புக் கேட்காதீர்கள். தாலி கழுத்திலேயே இருக்கட்டும், உங்களுக்குக் கனக்கும் நாளில் கழற்றி வையுங்கள். அதற்கு மாமியாரோ நானோ நாள் குறிக்க முடியாது.

சேலை கட்டிவிடுவது மனைவியின் கடமை அல்ல. கை வராவிட்டால் 'இப்போது என்னால் முடியாது' என்று சொல்லிவிடுங்கள். கதவைச் சாத்த வேண்டாம். கிரே தெருவில் சேலைக் கடைகளுக்குப் பஞ்சமில்லை, அவரே போய் வாங்கட்டும். என்றாவது உங்களுக்காகத் தோன்றினால், கொசுவத்தை மட்டும் பிடித்துக்கொடுங்கள். முகூர்த்தப் பட்டு உங்களுடையது. அதைக் கேட்டால் பீரோவைப் பூட்டிக்கொள்ளுங்கள்.