12 பேருக்குப் பிரியாணி, ஒருவருக்குச் சாம்பார் சாதம்

கே: நான்கு பேருக்குச் செய்தால் சீரகச் சம்பா மட்டன் பிரியாணி உதிரியாக வருகிறது. 12 பேர் விருந்துக்கு எல்லாவற்றையும் மூன்று மடங்காக்கினேன். அடியில் குழைந்து பிடித்துவிட்டது; மேலே அரிசி விறைப்பாகவே நின்றது. ஏன்?
- வாசகி, திண்டுக்கல்

ப: அரிசி, கறி, உப்பு மூன்றும் மூன்று மடங்கு ஏறலாம். தண்ணீர் அப்படி ஏறக் கூடாது. பெரிய பாத்திரம் என்றாலும் அதன் வாய் மூன்று மடங்கு அகலம் இருக்காது. அதனால் ஆவியாகிப் போகும் தண்ணீர் அந்தக் கணக்கில் கூடாது. மிஞ்சிய தண்ணீர் அடி அரிசியைக் குழைத்துவிடும். குழைந்தது களியாக அடைத்துக்கொண்டால் ஆவிக்கு மேலே வர வழியில்லை.

12 பேருக்கு 1¼ கிலோ அரிசி, 1½ கிலோ கறி போதும். 200 மில்லி டம்ளரில் அரிசி சுமார் 7 வரும். 20 நிமிடம் ஊறவிட்டு வடித்துவிடுங்கள். வெகுநேரம் ஊறினால் கிளறும்போது முறியும். தயிர், தக்காளி, மசாலாவோடு கறி வெந்ததும், அதில் நிற்கும் சாற்றை வடித்து அளந்து பாருங்கள். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். நான்கு பேருக்கு ஒரு டம்ளர் அரிசிக்கு ஒன்றேமுக்கால் டம்ளர் தண்ணீர் வைத்தாலும், இந்த அளவுக்கு ஒன்றுக்கு ஒன்றரை போதும். அதாவது சாற்றையும் சேர்த்து மொத்தம் 10½ டம்ளர். சாறு 4 டம்ளர் இருந்தால் வெந்நீர் 6½ டம்ளர்தான். மிளகாய்த்தூள், பட்டை, கிராம்பு இரண்டரை மடங்கோடு நிறுத்துங்கள்.

பாத்திரம் அகலமாக, அரிசி போட்டபின் பாதிக்கு மேல் நிறையாததாக இருக்கட்டும். கொதியில் அரிசியைப் போட்டு, பக்கவாட்டிலிருந்து இரண்டு முறை மட்டும் பிரட்டுங்கள். தண்ணீரும் அரிசியும் சமமாக வந்ததும் அடியில் தோசைக்கல், மேலே மூடி, மூடிமேல் கொதிநீர்ப் பாத்திரம். சிறு தீயில் 20 நிமிடம் தம், அணைத்தபின் இன்னும் 15 நிமிடம் திறக்காமல் விடுங்கள். பிறகு கரண்டிக் காம்பை ஓரமாக அடிவரை விட்டு எடுத்துப் பாருங்கள். நெய்ப்பளபளப்போடு வந்தால் பதம். தண்ணீர் சொட்டினால் இன்னும் 5 நிமிடம் தம். மேல் அரிசி மட்டும் விறைத்திருந்தால் கால் டம்ளர் வெந்நீரைத் தெளித்து மூடுங்கள். கிளறவே வேண்டாம்.

கே: அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறேன். இருப்பது ஒரு மின்சார ரைஸ் குக்கர். சாம்பார் சாதத்தில் பருப்பு மட்டும் வேகாமல் கடினமாகவே இருக்கிறது.
- மாணவர், சென்னை

ப: எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுகிறீர்கள் என்று தெரிகிறது. புளியும் தக்காளியும் சேர்ந்த தண்ணீரில் துவரம்பருப்பு லேசில் குழையாது. புளிப்பு அதன் சதையை இறுக்கிவைக்கும். போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் அதையே செய்யும். குடிக்க வாங்கும் கேன் தண்ணீரையே பயன்படுத்துங்கள்.

கால் கப் பருப்பை ஒரு மணி நேரம் வெந்நீரில் ஊறவையுங்கள். 2 கப் தண்ணீர், மஞ்சள்தூள், சில துளி எண்ணெயோடு வேகவிடுங்கள். எண்ணெய் நுரையைக் கொஞ்சம் அடக்கும். ஆனாலும் குக்கர் பாதிக்கு மேல் நிறைந்தால் பொங்கி வழியும். அரை மணியில் ஒரு பருப்பை எடுத்து விரலால் நசுக்குங்கள். மாவாகிவிட்டால் அரை கப் அரிசி, காய், 2 கப் வெந்நீர். அரிசி வெந்தபிறகே புளிக்கரைசல், சாம்பார்ப்பொடி, உப்பு சேர்த்து 7 நிமிடம் கொதிக்கவிடுங்கள். அவசர நாளில் மைசூர்ப் பருப்பு போடுங்கள், ஊறவே வேண்டாம்.

மீந்ததை அணைத்த குக்கரிலேயே விடியும்வரை வைக்காதீர்கள். சோற்றில் வரும் ஒரு வகைக் கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகாமல், அறைச் சூட்டில் பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி சுடவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் ஒரு வேளைக்கு மட்டும் சமையுங்கள்.

கே: வத்தக்குழம்பு கசக்கிறது.
- வாசகர், கும்பகோணம்

ப: வெந்தயம் கருகியிருக்கும். நான்கு பேருக்கு அரை டீஸ்பூன் போதும்; பொன்னிறம் திரும்பும்போதே அடுத்த பொருளைப் போட்டுச் சூட்டை இறக்குங்கள். சுண்டைவற்றலைத் தனியே சிறு தீயில் வறுத்துக் கடைசியில் சேருங்கள்.