மும்பையில் பிள்ளைகளுக்கு ரக்பி சொல்லித்தரும் தன்னார்வலர்களை எப்படி நம்புவது? போலீஸ் வெரிஃபிகேஷன் கேட்கலாமா?

சயானில் இருக்கும் ஓர் அப்பா கேட்டிருக்கிறார். 11 வயது மகள், பள்ளித் தோழி சொன்னதைக் கேட்டு வார இறுதி ரக்பி பயிற்சியில் சேர வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். சொல்லித்தருபவர்கள் எல்லோரும் சம்பளம் வாங்காத இளைஞர்கள். நல்ல எண்ணத்தோடு நேரம் ஒதுக்கி வருகிறவர்களிடம் போய் "நீங்கள் யார், எவர்" என்று விசாரித்தால் மனம் நோகாதா என்பது அவருடைய தயக்கம். வெளியூர்ப் போட்டிக்கு அனுப்பலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

கேளுங்கள். பணம் கட்டுவதற்கு முன்னாலேயே கேளுங்கள். நான் செம்பூர்வாசி. என் இரண்டு பிள்ளைகளும் ரக்பி ஆடி வளர்ந்தவர்கள். கிளப் ஒன்றில் பிள்ளைகள் பாதுகாப்புப் பொறுப்பைச் சில வருஷங்களாக நான்தான் பார்த்துவருகிறேன். இப்படிக் கேட்டுக்கொண்டு வரும் பெற்றோரைப் பார்த்தால் எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கும். உண்மையான அக்கறையோடு வருகிற எந்தத் தன்னார்வலரும் இதற்காகக் கோபித்துக்கொண்டு போய் நான் பார்த்ததில்லை.

இந்த ஊரில் ரக்பியும் தொண்டும் சேர்ந்தே வளர்ந்தவை. பாம்பே ஜிம்கானா கிளப்பில் ரக்பி ஆடிக்கொண்டிருந்த மேத்யூ ஸ்பேசி, வெளியே ஃபேஷன் ஸ்ட்ரீட் பக்கமிருந்து வேடிக்கை பார்த்த பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டு ஆடவைத்தார். அதில் தொடங்கியதுதான் 1999-ல் பிறந்த மேஜிக் பஸ் என்ற, ஏழைப் பிள்ளைகளுக்கான தொண்டு அமைப்பு. சம்பளம் வாங்காமல் சொல்லித்தரும் ஆட்கள் இல்லையென்றால் தாராவிப் பிள்ளையோ ஆன்டாப் ஹில் பிள்ளையோ முட்டை வடிவப் பந்தைத் தொட்டே பார்த்திருக்காது. தன்னார்வலர் என்றாலே சந்தேகப்பட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்களை எடுக்கும் முறையும் அவர்கள் வேலை செய்யும் முறையும் சரியாக இருக்க வேண்டும் என்கிறேன்.

முதலில் சட்டம். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-ல் வந்தது. 18 வயதுக்குக் கீழே உள்ள ஆண், பெண் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும். அதன் கீழ் 2020-ல் வந்த விதிகளில், பிள்ளைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்குப் போலீஸ் சரிபார்ப்பும் பின்னணி விசாரணையும் அவ்வப்போது செய்தாக வேண்டும் என்று இருக்கிறது. பள்ளி, குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றோடு விளையாட்டு அகாடமியையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார்கள். நிரந்தர ஊழியர், ஒப்பந்த ஊழியர் என்ற பேதம் கிடையாது. ஆனால் அந்த வாசகம் ஊழியரைப் பற்றித்தான் பேசுகிறது, சம்பளமில்லாத தன்னார்வலரை வெளிப்படையாகச் சொல்லவில்லை. சில கிளப்புகள் இந்த இடைவெளியில் நுழைந்துகொண்டு, "எங்களிடம் ஊழியரே இல்லை, எல்லோரும் வாலண்டியர்கள்" என்று நழுவப் பார்க்கும். இதை நான் ஏற்கவே மாட்டேன். சனிக்கிழமை காலையில் பிள்ளையின் தோளைப் பிடித்து டேக்கிள் (பந்தோடு ஓடுகிறவரைப் பிடித்து வீழ்த்துவது) சொல்லித்தருகிறவருக்குச் சம்பளம் வருகிறதா இல்லையா என்பதா பிள்ளைக்கு முக்கியம்?

மகாராஷ்டிராவில் நடத்தைச் சான்றிதழுக்கு அவரவரே போலீஸின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். அடையாள ஆவணம், முகவரி ஆவணம், போட்டோ கொடுத்தால் விஷயம் உள்ளூர் ஸ்டேஷனுக்குப் போகும். எங்கள் கிளப்பில் சான்றிதழ் கைக்கு வரும்வரை யாரும் பிள்ளைகளோடு மைதானத்தில் இறங்கக் கூடாது. "என்னக்கா, நம்ம பசங்கதானே, இதுக்கெல்லாம் எதுக்குப் போலீசு?" என்று ஆரம்பத்தில் சிலர் கேட்டார்கள். நம்ம பசங்க, வெளிப் பசங்க என்று பிரித்தால்தான் மனஸ்தாபம் வரும், எல்லோருக்கும் ஒரே விதி என்றால் யாருக்கும் உறுத்தாது என்று சொன்னேன். என் சான்றிதழும் அதே ஃபைலில்தான் இருக்கிறது.

ஆனால் அந்தக் காகிதத்தால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான பெற்றோர் சான்றிதழ் இருக்கிறது என்றதும் கேள்வியை நிறுத்திவிடுகிறார்கள். போலீஸ் பதிவேட்டில் ஏறியதைத்தான் அது சொல்லும். புகாரே கொடுக்கப்படாத விஷயம் அதில் எப்படி வரும்? பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தரவுத்தளம் ஒன்றை மத்திய அரசு 2018-ல் தொடங்கியது. அதைக் காவல்துறை போன்ற விசாரணை அமைப்புகள்தான் பார்க்க முடியும். கிளப்போ பெற்றோரோ பெயரைத் தட்டிப் பார்க்க வழியில்லை.

இங்கிலாந்து இந்தப் பாடத்தைக் கொடூரமான விலை கொடுத்துக் கற்றது. 2002-ல் சோஹம் என்ற சிற்றூரில் 10 வயதுச் சிறுமிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். கொன்ற இயன் ஹன்ட்லி அவ்வூர்ப் பள்ளி ஒன்றின் பராமரிப்பாளர். அதற்கு முன் அவன் இருந்த பகுதியில் பாலியல் புகார்கள் பல வந்திருந்தும் எதிலும் தண்டனை ஆகவில்லை. அந்தத் தகவல் அவனை வேலைக்கு எடுத்தவர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. பிறகு விசாரணைக் குழு, 2006-ல் புதுச் சட்டம், 2012-ல் இந்தப் பின்னணிச் சோதனைகளுக்காக டிபிஎஸ் என்ற தனி அமைப்பு என்று வரிசையாக வந்தன. பிள்ளைகளோடு நெருங்கி வேலை செய்கிறவர்களுக்கு அங்கே செய்யும் விரிவான சோதனையில் தண்டனை விவரத்தோடு, அவசியம் என்று போலீஸ் கருதும் உள்ளூர்த் தகவலும் வரும். தன்னார்வலர்களுக்கு அந்தச் சோதனைக்குக் கட்டணம் இல்லை. நம் நாட்டில் கிளப்புகளுக்கு அப்படி ஒரு கதவு இன்னும் திறக்கவில்லை. இன்னொரு மாநிலத்திலிருந்து மும்பைக்கு வந்து குடியேறிய ஒருவரைப் பற்றி இங்குள்ள ஸ்டேஷனுக்கு என்ன தெரியும் என்று யோசியுங்கள்.

ஆகவே போனை எடுத்துப் பேசுவதற்கு ஈடு எதுவும் இல்லை. புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் முன்பு வேலை செய்த இரண்டு இடங்களின் தொடர்பு எண் வாங்குகிறோம். அவர் கொடுத்த செல் எண்ணை அப்படியே நம்பாமல், அந்தப் பள்ளியின் அல்லது கிளப்பின் பொது எண்ணைத் தேடி அதில் கூப்பிடுகிறேன். "ஆள் எப்படி?" என்று கேட்டால் எல்லோரும் "ரொம்ப நல்லவர்" என்றுதான் சொல்வார்கள். நான் கேட்பது வேறு. "அவரை மறுபடியும் பிள்ளைகளோடு விடுவீர்களா?" ஒருமுறை இதைக் கேட்டதும் மறுமுனையில் சத்தமே இல்லை. அதுவரை அவரை வாயாரப் புகழ்ந்துகொண்டிருந்தவர், கொஞ்சம் கழித்து, "நீங்க கேக்கிறதால சொல்றேன் மேடம்... வேண்டாம். எங்களாலே எதையும் நிரூபிக்க முடியல" என்றார். அந்த ஆளுடைய போலீஸ் சான்றிதழில் ஒரு குறையும் இல்லை. நன்றாக ஆடுவார், பிள்ளைகளோடு சட்டென்று ஒட்டிக்கொள்வார். நாங்கள் எடுக்கவில்லை.

இத்தனையும் செய்த பிறகும் ஒருவர் தப்பி உள்ளே வரலாம். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவர் லாரி நாசர் பல வருஷம் அந்த அணிக்குத் தொண்டராகவே வேலை செய்தவர். 2018-ல் அவருக்குத் தண்டனை சொன்ன நீதிமன்றத்தில் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் வந்து பேசினார்கள். சில சமயம் பெற்றோர் அதே அறையில் இருக்கும்போதே, சிகிச்சை என்ற பேரில் பாலியல் துன்புறுத்தல் நடந்திருக்கிறது. தண்டனை விவரத்தை மட்டும் பார்க்கும் சோதனையில் அவர் அகப்பட்டிருக்க மாட்டார். முன்பே புகார் சொன்ன பிள்ளைகளின் பேச்சைப் பெரியவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதனால் மைதானத்தில் அன்றாடம் எப்படி நடக்கிறது என்பதைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். ரக்பியில் தொடாமல் சொல்லித்தர முடியாது. டேக்கிளில் தலை தவறான பக்கம் போனால் கழுத்தில் அடிபடும், கோச் தொட்டுத்தான் திருத்தியாக வேண்டும். நல்ல கோச் எப்படிச் செய்கிறார் என்று பாருங்கள். "உன் தோளைப் பிடிச்சுத் திருப்பப் போறேன், சரியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பார், பிள்ளை தலையாட்டியதும் திருத்துவார், உடனே கையை எடுத்துவிடுவார். சின்னப் பிள்ளைகள் ஆடும் டேக் ரக்பியில் இடுப்பில் வெல்க்ரோ பெல்ட் கட்டி, இரு பக்கமும் ஒரு பட்டையைத் தொங்கவிடுவார்கள். எதிரணி அதை உருவிவிட்டால் டேக்கிள் செய்த கணக்கு. அந்த பெல்ட்டைப் பிள்ளையே கட்டிக்கொள்ள வேண்டும், முடியாவிட்டால் தோழி உதவலாம். பெரியவர்கள் குனிந்து கட்டிவிடும் வழக்கத்தை நாங்கள் முதல் நாளிலேயே தடுத்துவிடுவோம்.

அடுத்து, மழைக்காலம். ஜூன் பிறந்தால் மைதானம் முழுக்கச் சேறு. ஆடி முடித்த பிள்ளை தலையிலிருந்து கால்வரை களிமண்ணாக நிற்கும். மும்பை மைதானங்களில் உடை மாற்ற அறை எங்கே இருக்கிறது? மரத்துக்குப் பின்னால், யாரோ ஒருவரின் காருக்குள், பொதுக் கழிப்பறையில் என்று ஆளுக்கொரு பக்கம் போவார்கள். உங்கள் கிளப் இதற்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறது என்று கட்டாயம் கேளுங்கள். எங்களிடம் ஒரு மடக்குக் கூடாரம் இருக்கிறது. பெண்பிள்ளைகள் மாற்றும்போது வாசலில் இரண்டு அம்மாக்கள் நிற்பார்கள். அந்தப் பக்கம் போனைக் கையில் எடுக்க யாருக்கும் அனுமதி இல்லை.

வீடு திரும்பும் வழியையும் விசாரியுங்கள். ஆசாத் மைதானத்தில் பயிற்சி முடித்து சிஎஸ்எம்டி ரயில் நிலையத்திலிருந்து சயானுக்கு லோக்கலில் வர வேண்டும். ஆண் கோச் லேடீஸ் பெட்டியில் ஏற முடியாது, பெண்பிள்ளைகளை ஜெனரலில் ஏற்றினால் நெரிசல். பெண் தன்னார்வலர் இருவர் கூட வந்தால்தான் குழுவாக அனுப்புவோம். இல்லையென்றால் பெற்றோர் வந்து கூட்டிப்போக வேண்டும். "நான் அந்தப் பக்கம்தான் போறேன், இவளை பைக்ல விட்டுடறேன்" என்று யார் சொன்னாலும் கிடையாது. நல்ல மனசோடுதான் சொல்வார்கள். ஆனாலும் கிடையாது. தலையில் அடிபட்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதென்றாலும் இரண்டு பேர் போக வேண்டும். அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, எவ்வளவு அழுதாலும் திரும்ப இறக்கக் கூடாது.

வாட்ஸ்அப்பில் பெற்றோர் இருக்கும் குழுவில் மட்டும்தான் செய்தி. கோச் உங்கள் மகளுக்குத் தனியாக "குட் நைட்" அனுப்புகிறார் என்றால், அதில் ஒரு தப்பான வார்த்தைகூட இல்லாவிட்டாலும், கிளப்பிடம் சொல்லுங்கள். தனியாகப் பரிசு கொடுப்பது, "இது நமக்குள்ள இருக்கட்டும்" என்று சொல்வது, ஒரே பிள்ளைக்கு மட்டும் கூடுதல் பயிற்சி தருவது என்று மெதுவாகத்தான் ஆரம்பிக்கும்.

ஆண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் இதே விதிதான். 2007-ல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட ஆய்வில், ஏதாவது ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகப் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் சொன்னார்கள். அவர்களில் பாதிக்கும் மேல் ஆண்பிள்ளைகள். ரக்பி ஆடுகிற முரட்டுப் பையனுக்கு என்ன ஆகிவிடும் என்று நினைக்கும் அப்பாக்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. முரடன் என்று பெயர் வாங்கிய பையனுக்கு வாய்விட்டுச் சொல்வது இன்னும் கஷ்டம்.

கிளப்பிடம் நீங்கள் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இதுதான்: "என் மகள் ஏதாவது சொன்னால் யாரிடம் போக வேண்டும், அதற்குப் பிறகு என்ன செய்வீர்கள்?" கோச் அல்லாத ஒருவரின் பெயரையும் எண்ணையும் அவர்கள் தயங்காமல் சொல்ல வேண்டும். "கமிட்டியில் பேசி முடிவு செய்வோம்" என்றார்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். போக்சோவின் 19-வது பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்று அஞ்சினாலும், போலீசுக்குச் சொல்வது எல்லோருக்கும் கடமை. சொல்லாமல் மறைத்தால் 6 மாதம்வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே இருப்பவரின் குற்றத்தை மறைத்தால் ஒரு வருஷம்வரை. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர்மீது வழக்குப் போட முடியாது. உள்ளுக்குள் பேசி முடித்து, ஆளை மட்டும் சத்தமில்லாமல் அனுப்பிவிடும் கிளப், அவரை அடுத்த கிளப்பின் பிள்ளைகளிடம் அனுப்புகிறது.

ஸ்டேஷனுக்குப் போனால் பிள்ளை பயந்துவிடுமே என்று பலர் தயங்குகிறார்கள். பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே பதிவு செய்யலாம், பதிவு செய்கிற அதிகாரி சீருடையில் வரக் கூடாது, முடிந்தவரை சப்-இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத பெண் அதிகாரி எழுத வேண்டும், பெற்றோர் கூடவே இருக்கலாம். எல்லாம் சட்டத்திலேயே இருக்கிறது. பிள்ளையின் அடையாளத்தை ஊடகம் வெளியிடக் கூடாது. எங்கே தொடங்குவது என்று புரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐக் கூப்பிடுங்கள்.

வெளியூர்ப் போட்டி பற்றிய கேள்விக்கு வருகிறேன். தாராளமாக அனுப்பலாம், அந்தப் பயணங்கள் பிள்ளைகளை வளர்த்துவிடும். எந்தப் பெரியவரும் பிள்ளைகளோடு ஒரே அறையில் தங்கக் கூடாது. அறைப் பட்டியல் கிளம்புவதற்கு முன்பே உங்கள் கைக்கு வர வேண்டும். மகளிடம் போன் இருக்க வேண்டும், ராத்திரி உங்களோடு அவள் தனியாகப் பேச வேண்டும். பெண்பிள்ளைகள் அணியோடு பெண் மேனேஜர் ஒருவராவது போக வேண்டும். அவர் கடைசி நேரத்தில் வர முடியாமல் போய், மாற்றுப் பெண்ணும் கிடைக்கவில்லை என்றால், டிக்கெட் போட்டிருந்தாலும் அந்த முறை அனுப்பாதீர்கள்.